முதல் நாளில் மூடை விற்காதீர்கள்

டித்வா புயல் அடித்து ஓய்ந்து இத்தனை மாதமாகியும் ரத்தோட்டைப் பக்கத்தில் என்னை "அரிசி ஒளித்த முதலாளி" என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும். அவர்களுக்குப் பதில் சொல்கிற சாக்கில் கடைக்காரர்களுக்கு நாலு விஷயம் சொல்லிவைக்கலாம் என்றுதான் எழுதுகிறேன். உங்களுக்கும் ஒரு சின்னப் பலசரக்குக் கடை, பின்பக்கம் வீடு, நடுவில் ஒரு ஸ்டோர் அறை, கொப்பியில் கடன் எழுதி வாங்குகிற தோட்டத்து வாடிக்கை எல்லாம் இருக்கும் என்று வைத்துக்கொண்டு பேசுகிறேன். இல்லாதவர்கள் அரிசிப் பகுதியை மட்டும் படித்தால் போதும்.

2025 நவம்பர் 27 வியாழக்கிழமை, நடந்துகொண்டிருந்த உயர்தரப் பரீட்சையை நிறுத்தினார்கள். என் மகளும் அதில் ஒருத்தி. "பரீட்சையவே நிப்பாட்டிட்டாங்கன்னா இது சும்மா மழை இல்ல" என்று மனைவி அன்றே சொன்னாள். மறுநாள் வெள்ளிக்கிழமை புயல் கரையேறியது. கம்மடுவையில் ஒரே நாளில் 500 மில்லிமீற்றருக்கு மேல் மழை பதிவானதாகப் பிறகு செய்தியில் வந்தது. கம்மடுவை எங்களுக்கு மேலே இருக்கிறது. அங்கே பெய்தால் இங்கே வந்துதான் ஆக வேண்டும். நக்கிள்ஸ் மலைப் பக்கம் எங்கெல்லாம் சரிவு இருந்ததோ அங்கெல்லாம் மண் இறங்கியது. நாடு முழுவதும் 600க்கு மேற்பட்டவர்கள் போய்விட்டார்கள். எனக்குப் போனது ஒரு கதவும் கொஞ்சம் சாமானும். அந்த அளவில் நான் கொடுத்துவைத்தவன். இதைச் சொல்லாமல் மற்றதைப் பேசினால் தப்பு.

மின்சாரம் போனது, போன் போனது, பாதை போனது. இதையெல்லாம் எல்லாரும் எழுதிவிட்டார்கள். நான் அரிசிக்கு வருகிறேன்.

வெள்ளிக்கிழமை காலையில் நான் கடையில் இல்லை. அம்மா மேலே தோட்டத்தில் தங்கச்சி வீட்டில் இருந்தார். லயத்துக்குப் பின்னால் கரையில் வெடிப்பு விழுந்திருக்கிறது என்று முதல் நாள் இரவே தகவல் வந்திருந்தது. விடியும்போதே கிளம்பிப் போய், அம்மாவையும் தங்கச்சி குடும்பத்தையும் இறக்கிக்கொண்டு வந்தேன். திரும்பி வரப் பின்னேரம் ஆகிவிட்டது. அதுவரை கடையில் உட்கார்ந்திருந்தது என் மச்சினன்.

காலை பத்து மணி போல ஒருவன் பட்டா லொறியோடு வந்தானாம். ஊர்க்காரன் அல்ல. நாட்டரிசி 25 கிலோ மூடை பதினைந்தும் பச்சரிசி ஆறும் ஸ்டோரில் இருந்தன. எல்லாவற்றையும் கேட்டானாம். "கேம்புக்குச் சாமான் கொண்டு போறோம்" என்று சொன்னானாம். எந்தக் கேம்ப்? அந்த நேரத்தில் ஊரில் கேம்பே திறக்கவில்லை. மச்சினன் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஏற்றிவிட்டான். ஏற்றியதோடு விட்டானா? மொத்தமாக எடுக்கிறார் என்று மூடைக்கு நூறு ரூபா குறைத்தும் கொடுத்திருக்கிறான். நான் நனைந்து நடுங்கிக்கொண்டு வந்து நிற்கிறேன், காசுக்கட்டை நீட்டி, "அத்தான், இன்னைக்கு ஒரே நாள்ல ஸ்டோர காலி பண்ணிட்டேன்" என்கிறான். மழையில் சனம் வராத நாளில் இப்படி ஒரு வியாபாரம் என்று அவனுக்குப் பெருமை.

அவனை மட்டும் குறை சொல்லக்கூடாது என்பாள் மனைவி. அவளுடைய தம்பி, அப்படித்தான் சொல்வாள். ஆனால் யோசித்துப் பாருங்கள். புயல் வரப்போகும் நாளில் ஒரு குடும்பம் எவ்வளவு வாங்கும்? ஐந்து கிலோ வாங்கும். பயந்த குடும்பம் பத்து வாங்கும். ஸ்டோரில் இருக்கிற அத்தனையையும் கேட்கிறவன் சாப்பிடுவதற்குக் கேட்கவில்லை. அடுத்த மூன்று நாளில் ஊருக்குள் ஒரு லொறியும் வராது என்று கணக்குப் போட்டவன் அவன். அந்தக் கணக்கைக் கடைக்காரன் போட்டிருக்க வேண்டும். எங்கள் அரிசி பொலன்னறுவை மில்லில் இருந்து வருகிறது, மரக்கறி தம்புள்ளையில் இருந்து வருகிறது. எந்தப் பக்கம் மண் விழுந்தாலும் ரத்தோட்டை தனித்துவிடும். இருபது வருஷம் இந்தக் கடையில் சாப்பிட்டவனுக்கு இது தெரியாதா?

ஞாயிற்றுக்கிழமை அந்த ஆள் சந்திக்குக் கொஞ்சம் தள்ளி அதே லொறியை நிறுத்தி, ஒரு கிலோ பைகளாகக் கட்டி விற்றுக்கொண்டிருந்தான். கிலோ 400 ரூபா. நாட்டரிசிக்கு வர்த்தமானியில் போட்ட உச்ச விலை 230. தோட்டத்தில் அப்போது ஒரு நாள் பேருக்குச் சம்பளம் 1,350 ரூபா, அதுவும் வேலை இருந்தால். வேலையும் இல்லை. மேலே இருந்து சேற்றில் நடந்து இறங்கி வந்த பெண்கள் அங்கே வாங்கிக்கொண்டு என் கடை வாசலால்தான் திரும்பிப் போனார்கள். பை என் கடைப் பை. மூடையோடு ஒரு கட்டுப் பையும் சும்மா கொடுத்திருக்கிறான் மச்சினன்.

ஆகவே என் முதல் யோசனை: எச்சரிக்கை வந்ததும் மூடைகளைப் பிரித்துவிடுங்கள். ராத்திரி உட்கார்ந்து வீட்டோடு எல்லாரும் சேர்ந்து இரண்டு கிலோ பைகளாகக் கட்டுங்கள். பிரித்த அரிசியை மூடை வியாபாரி கேட்கமாட்டான். கல்லாவில் யார் உட்கார்ந்திருந்தாலும், எவ்வளவு புத்தி குறைந்தவராக இருந்தாலும், மொத்தமாகத் தூக்கிக் கொடுக்க முடியாது. இன்னொரு லாபமும் உண்டு. கரண்ட் போய் இரண்டு நாளில் டிஜிட்டல் தராசின் பெட்டரியும் போய்விடும். நான் அப்பா காலத்துக் கொத்துப் பேணியைப் பரணில் இருந்து இறக்கித் துரு சுரண்டி அளந்தேன். அளக்கிற நேரம்தான் கூட்டம் சேருகிற நேரம். கட்டி வைத்த பை என்றால் கை நீட்டிக் கொடுத்து அனுப்பிவிடலாம்.

இப்போது எனக்கு "அரிசி ஒளித்த முதலாளி" என்ற பெயரை வாங்கித் தந்த ஒரு மூடைக்கு வருகிறேன். பிறகு ஒரு வீடியோவில் வந்த மூடை.

இருபத்தொரு மூடையில் ஒன்று லொறியில் ஏறவில்லை. என் மனைவி கணக்குப் படித்தவள். லொறிக்காரன் பேரம் பேசும்போதே பின்பக்கமாக ஒரு நாட்டரிசி மூடையை இழுத்துக்கொண்டு போய் அம்மாவின் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டாள். தங்கச்சி குடும்பமும் வந்து சேர, அன்றைக்கு வீட்டில் பதினொரு பேர். அதில் ஒன்று கைக்குழந்தை. அரிசிக் கடைக்காரன் வீட்டில் அரிசி வைத்துக்கொள்ளக்கூடாது என்று எந்தச் சட்டம் சொல்கிறது? அது ஒளித்து வைத்தது என்றால் ஒளித்து வைத்ததுதான். நாளைக்கே புயல் வந்தாலும் அவள் அதைத்தான் செய்வாள், நானும் தடுக்கமாட்டேன்.

ஞாயிறு பொழுது சாயும் நேரம் கடை வாசலில் கூட்டம். நாற்பது ஐம்பது பேர் இருக்கும். பாதிப்பேர் எனக்குத் தெரிந்த முகம். சிங்களச் சனம், முஸ்லிம் சனம், எங்கள் சனம் எல்லாம் கலந்துதான் நின்றார்கள். பசியில் அந்தக் கணக்கு யாரும் பார்க்கவில்லை. முன்னால் நின்ற தோட்டத்து அக்கா ஒருவர் மெதுவாகத்தான் கேட்டார்: "முதலாளி, ஸ்டோர்ல இருக்குன்னு சொல்றாங்களே. ரெண்டு கிலோ மட்டும் குடுங்க, பிள்ளைகளுக்கு."

"இல்லக்கா, எல்லாம் வித்துப்போச்சு."

அவர் என்னைப் பார்க்கவில்லை. எனக்குப் பின்னால் ஸ்டோர்க் கதவில் தொங்கிய பூட்டைப் பார்த்தார். உள்ளே சீனியும் பருப்பும் கோதுமை மாவும் கொஞ்சம் இருந்ததால் பூட்டியிருந்தேன். அந்தப் பூட்டுதான் என்னைப் பொய்யனாக்கியது. அந்தச் சமயம் பார்த்து, மேலே எங்கேயோ அணை உடைந்துவிட்டது என்று யாரோ கத்தினார்கள். அணையும் இல்லை, உடையவும் இல்லை. வாசலில் நின்றவர்களில் பாதிப்பேர் மேட்டைப் பார்த்து ஓடினார்கள். நானும் அம்மாவைத் தூக்கப் பின்பக்கம் ஓடினேன். அங்கே பின்கதவு ஏற்கனவே உள்பக்கமாக விழுந்து கிடக்கிறது. பலா மரக் கதவு, கீல் மூன்றும் சட்டத்தோடு பிடுங்கி வந்திருந்தன. ஏழெட்டுப் பேர் உள்ளே. பால்மா, பிஸ்கட், சவர்க்காரம், சிகரெட் பெட்டி, கைக்கு எட்டியதை எடுத்துக்கொண்டு போனார்கள். பசித்தவன் சிகரெட் எடுக்கமாட்டான் என்று எனக்கு அப்போதே பட்டது. தோட்டத்துச் சனம் ஒருவர்கூட அதில் இல்லை. இதை யார் முன்னாலும் சொல்வேன்.

ஒரு பொடியன் போனைப் பிடித்துக்கொண்டு அம்மாவின் அறைக்குள்ளேயே நிற்கிறான். கட்டிலுக்கு அடியில் லைட் அடிக்கிறான். "பாருங்க, சனம் பட்டினி கெடக்குது, இங்க ஒளிச்சி வச்சிருக்கிறத பாருங்க." கட்டிலில் போர்வையைப் பிடித்துக்கொண்டு அம்மா. பொல்லோடு வாசலில் நான். இருபது செக்கன்தான் அந்த வீடியோ. சிக்னல் வந்ததும் ஊரெல்லாம் போனது. கனடாவில் இருக்கிற சித்தப்பா மகன்கூடக் கேட்டான்.

வீடியோவில் வராததையும் சொல்கிறேன். அந்தப் பொடியன் போனபிறகு மனைவி மூடையை இழுத்து முன்வாசலுக்குக் கொண்டுவந்து, கொத்துப் பேணியால் ஆளுக்கு ஒரு கொத்தாக அளந்தாள். வீட்டுக்குக் கால் மூடை போல நிறுத்திக்கொண்டு மீதி எல்லாம் கொடுத்தாள். 230 ரூபாக் கணக்குத்தான். காசு இல்லாதவர்களுக்குக் கொப்பியில் எழுதினாள். இதை எவரும் படம் பிடிக்கவில்லை.

கடைக்காரர்கள் கவனிக்க வேண்டியது: 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டப்படி, சாமானை வைத்துக்கொண்டு விற்க மறுத்தாலும் குற்றம், இருக்கும் சாமானை இல்லை என்றாலும் குற்றம், பதுக்கினாலும் குற்றம். உச்ச விலைக்கு மேல் விற்றால் தனி ஆளுக்கு ஒரு லட்சத்தில் இருந்து ஐந்து லட்சம் வரை தண்டப்பணம். முறைப்பாட்டு இலக்கம் 1977. போன் வேலை செய்யாத நாளில் அந்த இலக்கத்தால் யாருக்கும் பிரயோசனம் இல்லை. 400 ரூபாக்காரன் அதையும் கணக்கில் வைத்திருப்பான். அதனால் ஸ்டோரைப் பூட்டாதீர்கள். கதவைக் கழற்றிவிட்டாலும் நல்லது. கூட்டத்தில் இருந்து இரண்டு பேரைக் கூப்பிட்டு, முடிந்தால் ஒரு தமிழ் ஆள் ஒரு சிங்கள ஆள், உள்ளே விட்டுக் காட்டுங்கள். அவர்கள் வெளியே போய் இல்லை என்று சொன்னால் சனம் நம்பும். நீங்கள் சொன்னால் நம்பாது. இருபது வருஷம் கடன் கொடுத்தவன் என்பதெல்லாம் அந்த நேரத்தில் செல்லாது. 2022இல் கேஸுக்கும் பால்மாவுக்கும் பெற்றோலுக்கும் வரிசையில் நின்ற சனம் இது. "ஸ்டொக் இல்லை" என்று சொல்லிவிட்டுப் பின்பக்கத்தால் கொடுத்த கடைகளை அன்றைக்கு நேரில் பார்த்தவர்கள். அந்தக் கடைக்காரர்கள் செய்ததற்கு நான் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

மற்றதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். முதலில் முடிவது மெழுகுதிரி, பிறகு நெருப்புப்பெட்டி, டோர்ச் பெட்டரி, பால்மா, டின் மீன். நெருப்புப்பெட்டியைப் பொலித்தீனில் இரண்டு சுற்றுச் சுற்றி உயரத்தில் வையுங்கள். என்னிடம் இருந்ததில் பாதி ஈரத்தில் நமத்துப் போனது. மண்ணெண்ணெய்க் கேனைப் பருப்புச் சாக்குக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள், வாடை ஏறிவிட்டால் கழுவினாலும் போகாது. தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடியுங்கள். போத்தல் தண்ணீர் ஒரு லீட்டருக்கு அப்போது கட்டுப்பாட்டு விலை 100 ரூபா. அதற்கு மேல் விற்கச் சொல்லி என்னிடமே யோசனை சொன்னவர் உண்டு; யார் என்று என் வீட்டில் எல்லாருக்கும் தெரியும்.

மெழுகுதிரி முடிந்ததும் எங்களைக் காப்பாற்றியது சிட்டி விளக்கு. டிசம்பர் 3 கார்த்திகை விளக்கீடு. அதற்கென்று இரண்டு பெட்டி எடுத்து வைத்திருந்தேன். தேங்காயெண்ணெயும் திரியும் சேர்த்து விற்றேன். அந்த வருஷம் எங்கள் தெருவில் விளக்கீடு நாலு நாள் முன்னாலேயே வந்துவிட்டது. பக்கத்து வீட்டுச் சிங்கள அம்மா ஆறு விளக்கு வாங்கிப் போய் இரண்டு விளக்கைப் புத்தர் படத்துக்கு வைத்துவிட்டு நாலை அடுப்படியில் ஏற்றினார்.

காசு விஷயம் தனி. வங்கியில் லட்சக்கணக்கில் வைத்திருக்கிற வாத்தியார் ஒருவர் கையில் கார்டோடு வந்து அரைக் கிலோ பருப்புக்கு என் முன்னால் நின்றார். இணைப்பு இல்லையென்றால் கார்ட் வெறும் பிளாஸ்டிக். வீட்டில் ஒரு கிழமைச் செலவுக்காவது நோட்டு வையுங்கள், சில்லறையாக வையுங்கள். ஐயாயிரம் ரூபாத் தாளை மாற்ற அன்றைக்கு ஊரில் எந்தக் கல்லாவிலும் காசு இல்லை. கடன் யாருக்குக் கொடுப்பது என்பதில் என் கொள்கை எளிது. கொப்பியில் பெயர் இருப்பவர்களுக்கு எவ்வளவு கேட்டாலும் உண்டு. முகம் தெரியாதவர்களுக்குக் காசுக்கு மட்டும்தான். கல்நெஞ்சன் என்றார்கள். கொப்பியில் இருந்தவர்களில் தொண்ணூறு வீதமானவர்கள், வீடு துப்புரவாக்க அரசாங்கம் கொடுத்த 25,000 ரூபா கைக்கு வந்த கையோடு, கடையைத் தேடி வந்து கட்டினார்கள். தோட்டத்து அக்காமார் முதலில் வந்தார்கள். முகம் தெரியாதவர்களுக்குக் கொடுத்திருந்தால் நான் எந்த மலையில் போய்த் தேடுவது?

திருட்டுப் பற்றியும் சொல்ல வேண்டும். அணைப் புரளியில் சனம் வீட்டைத் திறந்து போட்டுவிட்டு ஓடிய அந்த ஒரு மணி நேரத்தில் பல வீடுகளில் கேஸ் சிலிண்டர் போனது. மிளகுச் சாக்கு போனது. எங்கள் பக்கத்தில் மிளகுதான் வங்கிப் புத்தகம். பிள்ளையின் படிப்புச் செலவு, கலியாணச் செலவு எல்லாம் அந்தச் சாக்குக்குள் இருக்கும். அடுத்த நாளில் இருந்து தெருவில் வீட்டுக்கு ஒருவராகச் சேர்ந்து முறை வைத்துக் காவல் இருந்தோம். அவசரகாலச் சட்டம் போட்டாயிற்று, ஆமி வரும், பொலிஸ் வரும் என்று இருக்க முடியாது. அவர்கள் மண்ணுக்குள் இருந்து ஆளை எடுத்துக்கொண்டிருந்தார்கள். காவலுக்கு வராதவர் ஒருவர் உண்டு. அவர்தான் இப்போது கூட்டங்களில் தெருவைக் காத்த கதை சொல்கிறார்.

பாதை திறந்ததும் நிவாரண லொறிகள் வந்தன. கொடுத்தவர்களுக்குப் புண்ணியம், மறுக்கவில்லை. ஆனால் ஒரே வீட்டுக்கு ஐந்தாறு பொதி வந்து, அதே அரிசியும் பருப்பும் நூடில்ஸும் குவிந்து, பொதியைப் பிரித்து என் கடைக்கே விற்கக் கொண்டுவந்தார்கள். நான் எடுக்கவில்லை. வெளியூரில் இருந்து உதவி செய்கிறவர்கள் கொழும்பில் சாமான் வாங்கி ஏற்றி வராமல், காசாகக் கொண்டுவந்து பாதிக்கப்பட்ட ஊரின் கடைகளிலேயே வாங்கிக் கொடுங்கள். லொறி வாடகை மிச்சம். என்ன இருக்கிறது, யாருக்கு என்ன இல்லை என்பது ஊர்க் கடைக்காரனுக்குத்தான் தெரியும். எந்த வீட்டில் சீனி வருத்தம், எந்த வீட்டில் குழந்தைப் பால்மா எந்த நம்பர் என்று என் கொப்பியைப் பார்த்தே சொல்வேன். ஒருவரும் கேட்கவில்லை. டிசம்பர் முழுக்க வியாபாரம் இல்லாமல் ஈ ஓட்டினேன்.

பின்கதவுக்கு இப்போது இரும்புக் கதவு போட்டாயிற்று. கமரா பூட்டவும் வேண்டும் என்கிறான் மச்சினன். அந்த மூடைகளின் காசில் கழித்துக்கொள்கிறேன், பூட்டு என்று சொன்னேன். அதற்குப் பிறகு அந்தப் பேச்சு இல்லை.

வீடியோப் பொடியன் இப்போதும் கடை முன்னால்தான் பஸ்ஸுக்கு நிற்கிறான். அவனுடைய அம்மா அந்தக் கிழமையே இரண்டு கொத்து அரிசியும் ஒரு போத்தல் எண்ணெயும் கடனுக்கு வாங்கிப் போனார், மனைவி எழுதியிருக்கிறாள். வீடியோவை அழிக்கச் சொல்லி நான் கேட்கவில்லை, கடனைக் கேட்டு ஆளும் அனுப்பவில்லை. தொகை அவனுக்குத் தெரியும்.